ழகர வீரனும் வட்டக் கழுத்து ஸ்வெட்டரும்

பேண்டுக்கு மேல் ஜட்டி போட்டுக்கொண்டு, முதுகில் ஜன்னல் திரையைக் கட்டிக்கொண்டு, நூறு பேருக்கு மேல் கூடியிருந்த சபையில் நான் நின்றிருக்கிறேன். பள்ளிக்கூட வயதில் அல்ல. முப்பத்தாறு வயதில். மனைவி, எட்டு வயது மகள், மத்திய அரசில் யு.டி.சி. உத்தியோகம் (மேல்நிலை எழுத்தர் என்று தமிழில் சொன்னால் கொஞ்சம் உயரமாகத் தெரியும்) எல்லாம் வாய்த்திருந்த காலத்தில். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லப்போனால் மூன்று பேர் தனித்தனியாக வேண்டாம் என்று தடுத்தார்கள். அதில் ஒருவர் தையல்காரர்.

எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் பிடித்தது பத்து வயதில். மற்ற பையன்களுக்கு மீசை முளைக்கும்போது அது போய்விட்டது. எனக்கு மீசையும் முளைத்தது, பைத்தியமும் தங்கியது. வேலை கிடைத்து தில்லிக்கு வந்தபின், ஞாயிற்றுக்கிழமைகளில் தரியாகஞ்ச் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்புவார்கள் என்று தெரிந்ததும் நிலைமை முற்றியது. அட்டை கிழிந்தது, எண்ணெய் பட்டது, கடைசிப் பக்கம் போனது என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சரோஜினி நகர் குவார்ட்டர்சுக்கு வருவேன். கடைசிப் பக்கம் இல்லாதது பற்றி எனக்குக் கவலையே இல்லை. யார் ஜெயிப்பார் என்று தெரியும். நான் வாங்குவது நடுவில் வரும் ஒரே ஒரு பக்கத்துக்காக. சாதாரண மனிதன் ஹீரோவாக உருமாறும் பக்கம்.

அந்தப் பக்கத்தைப் பற்றி நான் மணிக்கணக்காகப் பேசுவேன். (என் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மேஜை எப்போதும் காலியாக இருந்ததற்கு அதுவே காரணம்.) என் ஆராய்ச்சியின்படி ஹீரோக்கள் இரண்டு ஜாதி. ஒன்று கிழிக்கிற ஜாதி. இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே பளபளவென்று நிஜ உடுப்பு. சிறுவயதில் அது வீரமாகத் தெரிந்தது. நாலு சட்டை மட்டுமே வைத்திருக்கும் அரசு ஊழியனாகப் பார்க்கும்போது வேறு கேள்விகள் வந்தன. பறந்த பட்டன்களை யார் பொறுக்குகிறார்கள்? கழற்றிய பேண்ட், ஷூ, டிபன் டப்பா எல்லாம் எங்கே போகின்றன? வில்லனை நொறுக்கிவிட்டுத் திரும்பிய ஹீரோ, சந்துக்குள் தன் பேண்டைத் தேடி அலைந்ததாக ஒரு கதையிலும் நான் படித்ததில்லை.

இன்னொன்று ஒளிர்கிற ஜாதி. டி.வி. கார்ட்டூனில் வருபவர்கள். ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னதும் உடம்பைச் சுற்றி ஒளி வரும். கையுறை தனியாக வந்து ஒட்டும், காலணி தனியாக, பெல்ட் தனியாக. முழுசாக ஒரு நிமிடம் ஆகும். அதுவரை எதிரே வில்லன் வாயைப் பிளந்துகொண்டு மரியாதையாகக் காத்திருப்பான். எங்கள் ஆபீஸ் சார்ட்டர்ட் பஸ் டிரைவருக்கு அந்தப் பண்பில் கால்வாசி இருந்திருந்தால் நான் இத்தனை அரைநாள் லீவு இழந்திருக்கமாட்டேன்.

இரண்டு ஜாதிக்கும் பொதுவான விதி, கண்ணாடியைக் கழற்றினால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. நான் கழற்றினால் எனக்குத்தான் யாரையும் அடையாளம் தெரியாது. ஆனாலும் இதை நான் குறைசொல்லமாட்டேன். கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டவனைப் பெற்ற தாயே ‘நீங்க யாரு தம்பி?’ என்று கேட்கும் சினிமாக்களைக் கைதட்டிப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இந்த ஆராய்ச்சி என்னோடு போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அது என் மனைவியின் தமிழ் வகுப்பில் போய் இறங்கியதுதான் வினை.

என் மனைவி மங்கை எம்.ஏ. தமிழ், பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டு வருஷம் டீச்சராக இருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தபின் அந்தப் படிப்புக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. எங்கள் காலனியில் தமிழர்களுக்கென்று ஒரு சின்ன மன்றம் உண்டு. கல்யாணம் நடக்கும் கூடத்தை தில்லியில் பராத் கர் என்பார்கள். அதன் பின்பக்கத்து அறை ஒன்று மன்றத்துக்குக் கிடைத்திருந்தது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அந்த அறையில் மங்கை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி வைத்துவிடுவாள். வாரத்தில் ஆறு நாள் அவள் ஆறுமுகத்தின் பெண்டாட்டி, நித்யாவின் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் மட்டும் டீச்சர்.

முதலில் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு டி.வி.யில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார்ட்டூன் ஆரம்பித்தது. பத்து விநாடியில் உலகத்தைக் காப்பாற்றுகிற ஆளை விட்டுவிட்டு ‘ஙப்போல் வளை’ என்று எழுத எந்தப் பிள்ளை வரும்? நாலு பேர் மிஞ்சினார்கள். அந்த நாலில் ஒன்று எங்கள் நித்யா. அவளும் மத்தியானம் சோறு கிடைக்காது என்ற பயத்தில் வந்தவள்.

தீபாவளி முடிந்த வாரம், மன்றச் செயலாளர் வைத்தியநாதன் சார் வகுப்புக்கு வந்தார். கும்பகோணத்துக்காரர், செக்‌ஷன் ஆபீசர், பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்பவர்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ டீச்சர். அந்த ரூமை டேபிள் டென்னிசுக்குக் கேக்கறா. நாலு குழந்தைக்கு ஒரு ரூம்னா கமிட்டியில நான் என்ன பதில் சொல்றது? பொங்கல் விழா முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை, பதினஞ்சு குழந்தை இருந்தா வகுப்பு. இல்லேன்னா சாவியைக் குடுத்துடணும்.”

மங்கை ‘சரி சார்’ என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து வருகைப் பதிவேட்டில் ஒரு புதுப் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் பதினைந்து கோடு போட்டாள். நாலில் பெயர் எழுதினாள். மீதி பதினொரு கோட்டையும் குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு ஒளி வந்தது. (ஒளிர்கிற ஜாதி.)

“மங்கை, பிள்ளையள டி.வி. கூப்பிட்டுட்டுப் போவுது. நாம திருப்பிக் கூப்பிடுவோம். தமிழ் பேசுத சூப்பர் ஹீரோ. பொங்கல் விழா மேடையில எல்லார் கண்ணு முன்னாலயும் உருமாறணும். ஒரு பிள்ள வீட்ல இருக்காது, பாரு.”

“யாரு உருமாற?”

“நாந்தான்.”

மங்கை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வழியில் வயிற்றில் சற்று நேரம் தங்கினாள்.

“ஏங்க, உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? நான் வீடு வீடாப் போயி கேட்டுப் பாக்கேன். பத்துப் பேரு வராட்டா போவுது. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தா அதுவே பெரிய ஒத்தாசை.”

நித்யா கையெடுத்துக் கும்பிட்டாள். “அப்பா, ப்ளீஸ், மத் கரோ. பண்ணாதீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க.”

“அதுக்குத்தானம்மா பண்ணுதேன்” என்றேன்.

பெயர் ழகர வீரன். தில்லிப் பிள்ளைகள் வாயில் நுழையாத எழுத்தே அவன் நெஞ்சில் சின்னம். மந்திரச் சொல் ‘எழுக தமிழ்’. உடுப்புக்கு எங்கும் போகவில்லை. தில்லியில் குளிர்காலத்துக்கு உள்ளே போடுகிற தெர்மல் செட் ஒன்று பழசு கிடந்தது. உடம்போடு ஒட்டி, கணுக்கால்வரை இழுத்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டு ஹீரோக்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள் என்பது என் நெடுநாளைய சந்தேகம். அதைப் பக்கெட்டில் ஊதாச் சாயம் முக்கினேன். தெர்மல் ஊதா ஆயிற்று. பக்கெட்டும் ஆயிற்று. அதே பக்கெட்டில் ஊறிய நித்யாவின் பள்ளிக்கூட சாக்ஸும் ஆயிற்று. மேலே சிவப்பு அரைக்கால் சட்டை (அதை ஜட்டி என்று பரப்பியது நித்யாவின் சிநேகிதிகள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது), முதுகுக்கு ஹால் ஜன்னலின் மஞ்சள் திரை.

உருமாற்றம்தான் முக்கியம். கிழிக்கிற ஜாதி என்று முடிவு செய்தேன். ஒரு பழைய சட்டையையும் பேண்டையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் எங்களுக்கு வழக்கமான தையல்கார மாஸ்டர்ஜியிடம் போனேன். சட்டையில் பட்டனுக்குப் பதில் டிச் பட்டன். ஒரே இழுப்பில் பிரிய வேண்டும். பேண்டில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, பிள்ளைகள் ஷூவில் கர்ரென்று கழலுமே, அந்த ஒட்டுப்பட்டை. இடுப்பில் ஒரு தட்டு தட்டினால் பேண்ட் தானே விழ வேண்டும்.

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “பாபூஜி, எல்லாரும் பேண்டை நிறுத்தத்தான் என்கிட்ட வருவாங்க” என்று இந்தியில் சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைத்து, “கர் மேங் சப் டீக் ஹை நா?” என்று கேட்டார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதல்லவா என்ற அந்த விசாரிப்பில் உண்மையான அக்கறை இருந்தது. வேண்டாம் பாபூஜி, என்றார். நான் அசையவில்லை.

வில்லன் செல்வராஜ். என் ஆபீஸ்தான், தூத்துக்குடிக்காரன், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவன். பிள்ளைகளின் தமிழை உறிஞ்சிக் குடிக்கும் மறதி அரக்கன் வேஷம் அவனுக்கு. உருமாறும்வரை எனக்கு என் சொந்த வேஷம், ஆபீஸ் எழுத்தன். எங்கள் ஹாலில் சாயங்காலங்களில் ஒத்திகை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வான். முதல் நாள் பதினொரு விநாடி. ஒரு வாரத்தில் ஆறு. நவம்பர் கடைசியில் சட்டை, பேண்ட் இரண்டும் கழன்று ழகர வீரன் வெளியே வர நாலே விநாடி. செல்வராஜே கைதட்டினான். அதற்குமேல் இழுத்தால் டிச் பட்டன் தளர்ந்துவிடும் என்று ஒத்திகையை நிறுத்தினேன்.

தில்லியில் நவம்பர் மாதம் இதமானது. ஒரு சட்டை போதும். இந்த விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி வேறு. தாமிரபரணி வெயிலில் காய்ந்த உடம்புக்கு தில்லி ஜனவரி என்பது அரசாங்கம் கொடுக்கும் தண்டனை. பதினைந்து வருஷம் ஆகியும் எனக்குப் பழகவில்லை. தெர்மல், சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா என்று மூடிக்கொண்டு, மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி ஆபீஸ் போவேன். அந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாளிடம் பின்னல் கற்றுக்கொண்டு மங்கை பின்னிய முதல் ஸ்வெட்டர். பாட்டில் பச்சை, வட்டக் கழுத்து. கழுத்தை என் கழுத்துக்கு அச்சாக அளவெடுத்துப் பின்னியிருந்தாள். அங்கே போய்ச் சேரும் வழியில் தலை ஒன்று இருப்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. தினமும் காலையில் அதை மாட்டுவதற்கு ஒருவிதமான பிரார்த்தனையும், சாயங்காலம் கழற்றுவதற்கு மங்கையும் தேவை. “குனிங்க” என்பாள். நான் குனிவேன். முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு பின்கழுத்தைப் பிடித்து அவள் ஒரு வெட்டு வெட்டி இழுப்பாள். மூன்று குளிர்காலமாக எங்கள் குடும்ப வாழ்க்கை இப்படித்தான் நடந்தது. குளிரில் நடுங்கும் மனிதனுக்கு ஜனவரியில் ஸ்வெட்டர் ஒரு உடுப்பு அல்ல. அது தோல். போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனிமூட்டம் பன்னிரண்டு மணிக்கும் விலகவில்லை. பராத் கரின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. நான் ஊதாத் தெர்மலுக்கு மேல் மஞ்சள் திரையைக் கழுத்தில் முடிந்து முதுகோடு மடித்து, அதை மூடி மந்திரச் சட்டையும் மந்திரப் பேண்டும் மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் நிகழ்ச்சி ஒன்பதாவது. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, வரவேற்புரை பாதி போவதற்குள் பற்கள் தாளம்போட ஆரம்பித்துவிட்டன. ஒன்பதாவதுதானே, அதுவரைக்கும் என்று பையிலிருந்த ஸ்வெட்டரை செல்வராஜின் உதவியோடு மாட்டிக்கொண்டேன். மஃப்ளர், குல்லா. உடம்பு கொஞ்சம் தெளிந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி முடியும்போது வைத்தியநாதன் சார் ஓடிவந்தார். “ஆறுமுகம், ஜல்தி. சீஃப் கெஸ்ட் கிளம்பணுமாம். குழந்தைகள் ஐட்டம் எதாவது ஒண்ணு பாத்துட்டுப் போறேங்கறார். நீர்தான் அடுத்தது.”

நான் மஃப்ளரைக் கழற்றினேன். குரங்குக் குல்லாவைக் கழற்றினேன். கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றிவிட்ட திருப்தியோடு மேடைக்குப் போய் மேஜைமுன் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன்.

திரை விலகியது. முன்வரிசைகளில் தரையில் பிள்ளைகள். நாற்பதுக்குக் குறையாது. இரண்டாவது வரிசை நாற்காலியில் மங்கை, பட்டுப் புடவைக்கு மேல் சால்வையோடு. விழா முடிந்ததும் வகுப்பில் பெயர் சேர்க்க வருபவர்களுக்காகப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் நான் தெளிவாகப் பார்த்த கடைசிக் காட்சி. அடுத்து விதிப்படி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். உலகம் பனிமூட்டமாயிற்று.

கறுப்புக் கம்பளியும் அட்டை கதாயுதமுமாக செல்வராஜ் உறுமிக்கொண்டு வந்தான். வந்தவன் என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றான். வசனப்படி அவன் சொல்லவேண்டியது ‘அற்ப எழுத்தனே, என்னைத் தடுக்க நீ யார்?’ அவன் சொன்னது வேறு.

“அற்ப எழுத்தனே... உனக்கு... வேர்க்கவில்லையா?”

வசனத்தை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். (மறதி அரக்கன் மறந்தால் பொருத்தம்தான்.)

“உன் பச்சை ஸ்வெட்டர் எனக்குப் பிடிக்கவில்லை, எழுத்தனே. அதைக் கழற்றிவிட்டு வா” என்றான் பரிதாபமாக.

என் காதில் எதுவும் ஏறவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தப் பக்கத்துக்காகக் காத்திருந்தவன் நான். எழுந்தேன். காலை அகட்டினேன். ‘எழுக தமிழ்’ என்று முழங்கி, இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்து, நவம்பரில் பழகிய அதே வேகத்தில் ஒரே இழுப்பு.

கையில் வந்தது கம்பளி. அது நீண்டது. விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. உள்ளே எங்கோ ஆழத்தில் டிச் பட்டன்கள் டிக் டிக் டிக் என்று கடமை தவறாமல் பிரியும் சத்தம் மட்டும் கேட்டது. அதே நேரம் ஒத்திகையில் ஊறிய இடதுகை தானாக இடுப்பைத் தட்டியது. ஒட்டுப்பட்டை கர்ரென்றது. பேண்ட் விழுந்தது.

மேலே யு.டி.சி. கீழே ஊதா.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு நாற்பதும்.

அங்கேயே உட்கார்ந்து கோப்பை மூடிவிட்டு உள்ளே போயிருக்கலாம். புத்தியுள்ளவன் போயிருப்பான். ஆனால் மங்கையின் மடியிலிருந்த பதிவேடு என் கண்ணிலேயே நின்றது. பதினொரு கோடு. தீர்மானமாக ஸ்வெட்டரின் அடியைப் பிடித்து மேலே இழுத்தேன். அது வயிற்றைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது, கழுத்தில் வந்து நின்றுவிட்டது. என் இரண்டு கைகளும் ஆகாயத்தைப் பார்க்க, தலை பச்சைக் கம்பளிக்குள். கூடவே தெர்மலும் மேலே ஏறிவிட்டதால் தொப்புள் மட்டும் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ழகரம் என் மூக்குக்கு முன்னால் எங்கோ மடிந்து கிடந்தது.

“நான் ழகர வீரன்” என்று உள்ளிருந்தே வசனத்தைத் தொடர்ந்தேன். வசனத்தை விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். “என்னைக் கண்டு நடுங்கு, அரக்கனே.”

அரக்கன் என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். “அண்ணாச்சி, நான் பிடிச்சி இழுக்கட்டா?”

இழுத்தான். இழுத்தவன் சட்டைக்குள்ளிருந்து சரிந்து விழுந்த என் மஞ்சள் திரையின் மேல் நின்றுகொண்டு இழுத்தான். திரையின் முடிச்சு என் தொண்டையில் இருந்தது. மேலே ஸ்வெட்டர் இறுக்க, கீழே திரை இறுக்க, நான் மூச்சுக்குத் தவித்து, காலைச் சுற்றிய பேண்டோடு தத்தித் தத்திப் போய் மேஜைக்கு முன்னாலிருந்த மைக்கில் தலையை முட்டினேன். அந்த நேரத்தில் மன்றத்துத் தமிழ் மறந்து ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

“எலே செத்த மூதி, திரைய மிதிக்காதல! கூறுகெட்ட பயல, கழுத்து நெரியுதுல! இந்தச் சவத்து ஸ்வெட்டர மேல இழுல, எடுபட்ட பயலே!”

பராத் கரின் ஒலிபெருக்கி அவ்வளவு நன்றாக வேலை செய்து அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நாலு மூலையிலும் மூதி எதிரொலித்தது. பிள்ளைகள் தரையில் உருண்டார்கள்.

வளையல் சத்தம் கேட்டது. பிறகு கம்பளிக்கு வெளியே மிக அருகில் ஒரு குரல்.

“குனிங்க.”

குனிந்தேன். இடது கை. வலது கை. பின்கழுத்தில் ஒரு வெட்டு. வெளிச்சம் வந்தது. மங்கை ஸ்வெட்டரையும் அதோடு வந்த சட்டையையும் கையில் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். நான் தெர்மலை இழுத்துவிட்டு, மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்க, கைகளை இடுப்பில் வைத்து மீண்டும் ஒரு தடவை “எழுக தமிழ்” என்று முடித்தேன். நாலு விநாடி வேலை நாலரை நிமிடம் ஆனது என்று செல்வராஜ் பிறகு சொன்னான். (அதுவரை வில்லன் காத்திருந்தான். கார்ட்டூனில் காட்டுவது பொய் இல்லை.)

சீஃப் கெஸ்ட், ஒரு வடக்கத்தி அதிகாரி, கைதட்டியபடி எழுந்தார். “பஹுத் அச்சா. இது உங்க பக்கத்து கிராமிய நடனமா?” என்று வைத்தியநாதன் சாரிடம் கேட்டது காதில் விழுந்தது. அவர் ஆமாம் என்று தலையாட்டியதும் மங்கலாகத் தெரிந்தது. விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வைத்தியநாதன் சார் என்னிடம் வந்தார்.

“குழந்தைகள் இருக்கற சபையில என்ன பாஷைய்யா அது?”

“தமிழ்தான் சார்.”

“எனக்குத் தெரியாதா தமிழ்” என்றார். தொண்டையைக் கனைக்காமல் சொன்னார். கோபம் நிஜம் என்று புரிந்தது.

அன்று பதிவேட்டில் ஒரு பெயரும் சேரவில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது நித்யா எங்களுக்கு இருபதடி முன்னால், யாரோ மாதிரி நடந்தாள். வீட்டில் மங்கை பதிவேட்டை பீரோவின் அடித்தட்டில், இனிமேல் கட்டப்போகாத புடவைகளுக்குக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கிழம போயி சாவியக் குடுத்திட்டு வந்திருவோம்” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் முழுக்க ஸ்வெட்டரைக் கழற்ற அவளைக் கூப்பிடத் தைரியமில்லாமல் அதைப் போட்டுக்கொண்டே படுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். கரும்பலகையைத் தூக்கிவர நானும் கூட. சனிக்கிழமை அவள் புடவைக்குக் கஞ்சி போடவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். பராத் கரின் பின்பக்கம் திரும்பியதும் மங்கை நின்றுவிட்டாள்.

அறை வாசலில் பிள்ளைகள். மஃப்ளரும் குல்லாவுமாக, வாயிலிருந்து புகைவிட்டுக்கொண்டு. எண்ணினேன். பதினேழு.

“ஆன்ட்டி,” என்று முன்னால் நின்ற பையன் கேட்டான், “அங்கிள் ஸ்வெட்டர் கே அந்தர் ஸே க்யா போல் ரஹே தே? ஸ்வெட்டருக்குள்ளேருந்து என்ன சொன்னாங்க? மம்மி சொல்ல மாட்டேங்கறா. மூதின்னா என்ன?”

“சவத்துன்னா?” என்றாள் ஒரு பெண்.

“எடுபட்ட பயல்?” என்றது மூன்றாவது.

எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அடி விழுந்திருக்கிறது. சொல்லக்கூடாத சொல் என்று தெரிந்ததும் கார்ட்டூனை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற ஆள் பத்து மணிக்குத் தனியாகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருப்பார்.

நான் மங்கையின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். பூட்டைத் திறந்தாள்.

“உள்ள வாங்க. சொல்லுதேன். ஆனா அந்த வார்த்தையை எழுதிக் காட்டுதவங்களுக்குத்தான் அர்த்தம் சொல்லுவேன். எழுதணும்னா மூ தெரியணும். மூ தெரியணும்னா முதல்ல ம தெரியணும். ம எங்க இருக்கு தெரியுமா? நாம அ-வில இருந்து போகணும்.”

பத்தே காலுக்கு வைத்தியநாதன் சார் சாவி வாங்க வந்தார். கையில் டேபிள் டென்னிஸ் வலை. பதினேழு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து நாக்கை வெளியே நீட்டியபடி ‘அ’ எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்று இரண்டு தடவை எண்ணினார். இரண்டாவது தடவை மூன்றாம் வரிசையில் அவருடைய பேரன் இருப்பது தெரிந்தது.

“நீ எங்கேடா இங்கே? எதுக்குச் சேர்ந்தே?”

“செத்த மூதி எழுதறதுக்கு, தாத்தா” என்றான் அவன், கும்பகோணத்து உச்சரிப்பில், மிகவும் பணிவாக.

அவர் வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூ-வுக்குப் போய்ச் சேர ஆறு மாதம் ஆயிற்று. மங்கை சொன்ன சொல் தவறவில்லை. மூதேவிதான் எங்கள் ஊரில் சுருங்கி மூதி ஆயிற்று என்று அர்த்தம் சொன்னாள், யாரைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள். அதற்குள் அவர்களுக்குப் பாடப்புத்தகம் வாசிக்க வந்துவிட்டது. வகுப்பு எட்டு வருஷம் நடந்தது. கெடுதல் ஒன்றே ஒன்று. தஞ்சாவூர், கோயம்புத்தூர், மதுரை என்று எந்த ஊர்க் குடும்பத்துப் பிள்ளையானாலும் எங்கள் காலனியில் கேட்ச் விட்டால் “எலே சவத்து மூதி” என்றுதான் திட்டினார்கள். ஊரிலிருந்து லீவுக்கு வந்த தாத்தாமார் பலர், தங்கள் மகன் திருநெல்வேலியில் ரகசியமாகப் பெண்ணெடுத்துவிட்டானோ என்று கலங்கியதாகக் கேள்வி. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது டீஷர்ட்டுக்குள் தலை மாட்டித் தவித்தால், உதவிக்குக் கூப்பிடும் சொல் ‘எழுக தமிழ்’தான். நித்யாவின் இரண்டு வயது மகனுக்குக்கூட அது தெரியும். அதற்கு வேறு அர்த்தம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

நான் ஓய்வுபெற்றாயிற்று. போன வாரம் அந்தப் பழைய பிள்ளைகளிடமிருந்து போன் வந்தது. வரும் பொங்கலுக்கு எல்லாரும் தில்லியில் கூடுகிறார்களாம். ‘அங்கிள், ஒரே ஒரு தடவை ழகர வீரன் பண்ணுங்க’ என்று கெஞ்சினார்கள். கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. பரணிலிருந்து ஊதா உடுப்பை இறக்கிவிட்டேன். அது வயிற்றில் மட்டும் கொஞ்சம் எதிர்ப்பு தெரிவிக்கிறது. நேற்று மத்தியானம் மூடிய அறைக்குள் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்தேன். முட்டி சற்றே சத்தம்போட்டாலும் ஆறு விநாடியில் வந்துவிட்டேன். இன்னும் பழகினால் நாலு நிச்சயம்.

மங்கை பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். போய் எதிரே நின்று, இடுப்பில் கைவைத்து, முழுத் தீர்மானத்தோடு சொன்னேன்.

“பொங்கலுக்குப் பண்ணலாம்னு இருக்கேன். இந்தத் தடவ தப்பே நடக்காது. என்ன சொல்லுத?”

அவள் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“ஜூன்ல வச்சிக்கிடுங்க.”